பைக் ஓட்டும்போது கை மரத்துப் போகிறதா? முதலில் எந்த விரல் என்று பாருங்கள்

ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியதும் இடது கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு உதறுகிறவர்களை எங்கேயும் பார்க்கலாம். டீக்கடையில் நிறுத்தினால் சரியாகிவிடும், மறுபடி ஏறினால் மறுபடி வரும். இதற்குப் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஜெல் வைத்த க்ளவுஸ் வாங்குவதுதான். சிலருக்கு அது பலன் தரும், பலருக்குத் தராது. ஏனென்றால் கை மரத்துப் போகிறது என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். சில வண்டியில், சில உட்காரும் விதத்தில், சில உடம்பில்.

கைக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. எனவே எந்த விரல் மரக்கிறது என்பதை வைத்தே எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடுத்த முறை மரத்ததும் ஓரமாக நிறுத்தி, கையை உதறுவதற்கு முன்பே கவனியுங்கள்: எந்தக் கை, எந்தெந்த விரல், எந்த வேகத்தில் ஆரம்பித்தது, இறங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் போனது. போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவு செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

நிறுத்துங்கள் என்று சொல்வது சும்மா இல்லை. மரத்த வலது கைக்கு முன் பிரேக் லீவரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று அப்படியே ஓட்டுவது ஆபத்து.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கை மரப்புடன் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி இருந்தாலும், ஒரு பக்கக் கை திடீரென்று வலுவிழந்து வாய் கோணினாலும் பேச்சு குழறினாலும், அது பைக் சமாச்சாரம் இல்லை. 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விழுந்து அடிபட்ட பிறகு கழுத்து வலியோடு கை மரத்தாலும் நேராக மருத்துவமனைதான்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால்

இது அல்நார் நரம்பின் எல்லை. முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் தோலை ஒட்டியே ஓடி, மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. ஆகவே இது நசுங்க வாய்ப்புள்ள இடங்கள் முக்கியமாக இரண்டு: முழங்கை, உள்ளங்கையின் அடி.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புறங்கையைத் தடவிப் பாருங்கள். புறங்கையில் சுண்டு விரல் பக்கத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்குச் சில விரற்கடை மேலேயே பிரிந்துவிடுகிறது. உள்ளங்கையும் விரலும் மட்டும் மரத்து, புறங்கை நன்றாக இருந்தால் அழுத்தம் உள்ளங்கையில். புறங்கையும் சேர்ந்து மரத்திருந்தால் சிக்கல் மேலே, பெரும்பாலும் முழங்கையில்.

உள்ளங்கை என்றால் அர்த்தம் ஒன்றுதான்: உடம்பின் எடையைக் கையில் தாங்குகிறீர்கள். சைக்கிளில் வெகுதூரம் போகிறவர்களுக்கும் இதே இடத்தில் இதே தொல்லை வரும். யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி மாதிரி முன்னால் சாய்ந்து ஓட்டும் வண்டிகளிலும், ஹேண்டில் பாரைத் தாழ்த்தி மாற்றிய வண்டிகளிலும் இது அதிகம். சாய்ந்து உட்காருவதே தவறு என்று நினைக்க வேண்டாம். சாயும் உடம்பை வயிறும் முதுகும் தொடையும் தாங்க வேண்டும், கை தாங்கக் கூடாது, அவ்வளவுதான். பெட்ரோல் டேங்கை இரண்டு முழங்கால்களாலும் அணைத்துப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும். நேராக நீட்டி விறைத்த கை, சாலையின் ஒவ்வொரு குழியையும் நேராக உள்ளங்கைக்கு அனுப்பும்.

சரியாக உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை. நேரான, காலியான சாலையில் மிதமான வேகத்தில் போகும்போது, கையை எடுக்காமலே விரல்களை ஒவ்வொன்றாக க்ரிப்பின் மேல் தூக்கித் தட்டுங்கள். முழங்கைகளை மேலும் கீழும் அசையுங்கள். சிரமமில்லாமல் முடிந்தால் எடை கையில் இல்லை. விரலைத் தூக்கியதுமே உடம்பு முன்னால் சரிகிறது என்றால் இருக்கிறது.

முழங்கால்களால் பிடித்தும் முன்னால் வழுக்கிக்கொண்டே வந்தால் சீட்டைப் பாருங்கள். பளபளப்பான ரெக்ஸின் உறை போட்ட சீட், முன்பக்கம் சரிந்த சீட் இரண்டும் ஆளை டேங்க்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். சொரசொரப்பான உறை மாற்றுவது சின்னச் செலவு. டேங்க்கின் பக்கவாட்டில் ஒட்டும் ரப்பர் பட்டைகளும் உதவும். பின்னால் உட்காருகிறவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் உங்கள் மேல் சாய்ந்தால் அவருடைய எடையும் உங்கள் கைக்குத்தான் வருகிறது. பின் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் இதைக் கோபப்படாமல் சொல்லிப் பழக வேண்டும்.

முழங்கை என்று தெரிந்தால் பைக்கை விட்டு வெளியே தேடுங்கள். பைக்கில் முழங்கை அவ்வளவாக மடங்குவதில்லை. ஆனால் முழங்கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, மணிக்கணக்காகப் போனைக் காதில் வைத்திருப்பது, ஆபீஸ் மேசையில் முழங்கையை ஊன்றுவது எல்லாம் அந்த நரம்பைத் தொந்தரவு செய்யும். பைக் சார்ந்த ஒரே சந்தேகம் ரைடிங் ஜாக்கெட். முழங்கைக் காப்பு நழுவி உட்பக்க எலும்பை அழுத்துகிறதா, கைப்பட்டியை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால்

இது மீடியன் நரம்பு. மோதிர விரலின் பாதியும் இதன் எல்லைக்குள் வரும். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மேலேயோ கீழேயோ வளைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது எடையை அல்ல, மணிக்கட்டின் கோணத்தை.

முக்கியமான காரணம் லீவர் உயரம். ஷோரூமிலிருந்து வரும் வண்டிகளில் க்ளட்ச், பிரேக் லீவர்கள் பல நேரம் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகவே இருக்கும். நம் முன்கை தோளிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அந்த லீவரின் மேல் விரல் வைக்க வேண்டுமென்றால் மணிக்கட்டை மேல்பக்கம் உடைத்து வைத்தால்தான் முடியும். நாள் முழுக்க அப்படி வைத்திருந்தால் மரக்காமல் என்ன செய்யும்?

சரிசெய்ய மெக்கானிக்கூடத் தேவையில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எப்போதும் ஓட்டுவது போல உட்காருங்கள். விரல்களை லீவரின் மேல் வையுங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன்கை, புறங்கை, விரல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் லீவர் பிடிப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரைக் கீழ்நோக்கித் திருப்பி, மறுபடி பாருங்கள். சில மில்லிமீட்டர் போதும், வித்தியாசம் உடனே தெரியும். டிஸ்க் பிரேக் பக்கம் மட்டும் கவனம் வேண்டும். அங்கே பிரேக் ஆயில் டப்பாவும் சேர்ந்து திரும்பும். அது ரொம்பச் சாய்ந்துவிடக் கூடாது, ஹோஸ் இழுபடக் கூடாது. முடித்ததும் ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கேபிள்கள் தாராளமாக இருக்கின்றனவா, ஐட்லிங் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிகளும் கோணம் மாறியிருக்கும், அவற்றையும் சரிசெய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து கை மரப்புக்குக் காசே இல்லாமல் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

ஆக்ஸிலேட்டர் பக்கம் இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டும். மூடியிருக்கும் ஆக்ஸிலேட்டரை மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிடித்தால், திறக்கத் திறக்க மணிக்கட்டு கீழே தொங்கிவிடும். கிளம்பும்போதே கையைக் கொஞ்சம் முன்னால் சுற்றி, மணிக்கட்டு சற்று உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள். நெடுஞ்சாலை வேகத்துக்கு வந்ததும் அது நேராகிவிடும். ஆக்ஸிலேட்டரில் வெற்று ஆட்டம் அதிகமிருந்தாலும் கூடுதலாக முறுக்க வேண்டிவரும். பல வண்டிகளுக்கு க்ரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. ஆட்டம்தான் கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

ஒரு பக்கக் கைக்கு மட்டும் இது வருகிறது, வண்டி எப்போதோ கீழே விழுந்திருக்கிறது என்றால், முன்னால் நின்று ஹேண்டில் பாரை நேராகப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாக மடங்கியிருந்தாலும் அந்தப் பக்க மணிக்கட்டு ஆயுள் முழுக்கக் கோணலாகவே இருக்கும். வளைந்த பாரைத் தட்டி நிமிர்த்தாமல் மாற்றிவிடுவது நல்லது.

கை முழுவதும் ஜிவ்வென்று மரத்தால், அதுவும் குறிப்பிட்ட வேகத்தில்

இங்கே விரல் எல்லையெல்லாம் கிடையாது. உள்ளங்கை, விரல், எல்லாமே குறுகுறுக்கும். இரண்டு கையிலும் வரும். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கைக்குள் இன்ஜின் ஓடுவது போலவே இருக்கும். இது அதிர்வின் வேலை. தோலில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் தொடர்ந்து தூண்டப்பட்டுச் சோர்ந்து போகின்றன, ஓய்வு கிடைத்தால் மீள்கின்றன.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். இன்ஜினா, சக்கரமா? மணிக்கு 70 கி.மீ.யில் டாப் கியரில் ஒருமுறை, ஒரு கியர் குறைத்து ஒருமுறை போய்ப் பாருங்கள். கியர் மாறியதும் அதிர்வின் தன்மை மாறினால் இன்ஜின். கியர் எதுவாயினும் அதே வேகத்தில் அதே ஆட்டம் என்றால் சக்கரம், டயர், அல்லது முன்பக்கம். கை உணர்வே பாதி சொல்லிவிடும். 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் இன்ஜின் நொடிக்கு 83 முறை சுற்றுகிறது, அது ரீங்காரம் மாதிரி கையில் இறங்கும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறைதான் சுற்றுகிறது, அது கடகடவென்ற ஆட்டமாகத் தெரியும்.

சக்கரம் என்றால் வேலை சுலபம். டயர் காற்றை, வண்டி ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். மைலேஜ் கிடைக்கும் என்று கூடுதலாக அடிப்பவர்களுக்குக் கை போகும். அப்புறம் வீல் பேலன்ஸ், ரிம் நெளிவு, ஸ்போக் தளர்வு. முன் பிரேக் அடிக்கும்போது ஹேண்டில் பாரில் டக் டக் என்று தட்டினால் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கை, பார்க்கச் சொல்லுங்கள். செயின் சில இடத்தில் இறுகி சில இடத்தில் தொங்கினால் அதுவும் வண்டியை அதிர வைக்கும்.

இன்ஜின் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். நம்மூரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர். ஒரே பிஸ்டன் மேலும் கீழும் பாய்ந்து திரும்பும்போது எழும் விசையை எதிரில் நின்று சமன் செய்ய வேறு பிஸ்டன் இல்லை. அதற்காகத்தான் பேலன்சர் ஷாஃப்ட் என்ற எதிர்எடைத் தண்டைச் சேர்க்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய 350 சிசி இன்ஜினில் இது கிடையாது. 2020-இல் மீட்டியர் மாடலோடு வந்த புதிய 350 இன்ஜினில் உண்டு. பழைய புல்லட்டிலிருந்து புதிய க்ளாசிக்குக்கு மாறியவர்கள் கையிலேயே வித்தியாசத்தை உணர்ந்திருப்பார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். இந்த விசை ஆர்.பி.எம்.மின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 5,000-இலிருந்து 6,000 போனால் சுற்று 20 விழுக்காடுதான் கூடுகிறது, ஆனால் விசை 44 விழுக்காடு கூடுகிறது. திரும்பி வந்தாலும் அப்படித்தான். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதோடு ஹேண்டில் பாருக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் இருக்கிறது. இன்ஜின் அதற்குப் பக்கத்தில் ஓடும்போது பார் கூடச் சேர்ந்து ஆடும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கலாகத் தெரியும் வேகம் எது என்று பாருங்கள், அதுதான் உங்கள் வண்டியின் மோசமான இடம். அதற்குக் கீழேயோ மேலேயோ ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஓட்டினால், அல்லது கியரை மாற்றினால், பல நேரம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ஹேண்டில் பாரின் இரு முனைகளிலும் இருக்கும் எடைகள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. பாரின் அதிர்வெண்ணை மாற்றி, சாதாரணமாக ஓடும் வேகத்திலிருந்து தள்ளி வைப்பதற்காகவே கம்பெனி மாட்டுகிறது. வண்டி விழுந்து ஒன்று உடைந்து போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அல்லது பார் முனையில் மாட்டும் கண்ணாடிக்காகக் கழற்றியிருப்பார்கள். புதிதாகக் கை மரக்க ஆரம்பித்தவர்கள், சமீபத்தில் வண்டியில் என்ன மாற்றினோம் என்று யோசித்தால் இது அடிக்கடி அகப்படும். கழற்றியதைத் திரும்ப மாட்டுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் கனமானதாக வாங்கி மாட்டிப் பாருங்கள். பாருக்குள் சிலிகானோ ஈயக் குண்டோ நிரப்புகிறவர்களும் உண்டு. அது அதிர்வை ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு நகர்த்திவிடவும் கூடும் என்பதால் முனை எடையை முயன்ற பிறகே அதற்குப் போகலாம்.

இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் மவுண்ட் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், நேற்று வரை இல்லாத அதிர்வு இன்று வரும். இன்ஜின் வேலை நடந்த பிறகு ஆரம்பித்த மரப்பு என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கண்மூடித்தனமாக இறுக்காமல், டார்க் ரென்ச் வைத்து உரிய அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஹேண்டில் பார் ரப்பர் புஷ்களில் உட்காரும் வண்டிகளில் அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இந்த அதிர்வை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பைக் இன்ஜினின் வலுவான அதிர்வு ஹேண்டில் பார் வழியாகப் போய் ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதே பாரைத்தான் நாம் மணிக்கணக்காகப் பிடித்திருக்கிறோம்.

உணவு, பார்சல் டெலிவரி செய்கிறவர்களுக்கு இது தொழில் நோயாகவே மாறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழிலாளர்களுக்கென 2002-இல் வந்த விதி, எட்டு மணி நேர வேலைக்குக் கைக்கு ஏறும் அதிர்வின் முடுக்கம் 2.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. அந்தக் கணக்கின்படி அதிர்வு இரண்டு மடங்கானால் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய நேரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இதையே திருப்பிப் பார்த்தால், அதிர்வைப் பாதியாக்கினால் நாலு மடங்கு நேரம் தாங்கும். வேலை நேரத்தைக் குறைக்க முடியாதவர்கள் வண்டியின் அதிர்வைக் குறைப்பதில் செலவு செய்வது வீணே இல்லை.

கடைசியாகப் பிடி. கை மரக்க மரக்க உணர்ச்சி குறைவதால் நாம் அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கம் கூடினால் அதிர்வு கைக்குள் இன்னும் நன்றாக ஏறும். குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும்போது எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு போதும்.

க்ரிப், க்ளவுஸ் பற்றி

க்ரிப் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், மாற்றிவிடுங்கள். ஸ்பாஞ்ச் உறை அதிர்வைக் குறைக்கும். ஆனால் தடிமன் கூடுவதால் சின்னக் கை உள்ளவர்களுக்கு விரல் சீக்கிரம் களைத்துவிடும். க்ளவுஸில் பார்க்க வேண்டியது ஜெல்லை அல்ல, தையலை. உள்ளங்கையில் தடித்த தையல் ஓடினால், இறுக்கிப் பிடிக்கும்போது அதுவே நரம்பை அழுத்தும். கடையில் வெறுமனே மாட்டிப் பார்க்காமல், வெளியே நிற்கும் உங்கள் வண்டியின் க்ரிப்பைப் பிடித்துப் பாருங்கள். விரல் இடுக்கில் இழுக்கும் அளவு இறுக்கமான க்ளவுஸ், ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தானே மரப்பை உண்டாக்கும்.

வலது கை மட்டும் மரத்தால்

நெடுஞ்சாலையில் இடது கை சும்மா இருக்கும், வலது கை ஸ்பிரிங்குக்கு எதிராக ஆக்ஸிலேட்டரை முறுக்கியே வைத்திருக்கும். கேபிள் காய்ந்து கனமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறுத்திய வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து விட்டால் டக்கென்று தானே மூட வேண்டும். தயங்கினால் கேபிளைச் சுத்தம் செய்து எண்ணெய் விடலாம், அல்லது மாற்றலாம். உள்ளங்கையால் அழுத்தி ஆக்ஸிலேட்டரைப் பிடித்துவைக்க உதவும் பிளாஸ்டிக் தகடு ஒன்று விற்கிறார்கள். நீண்ட நேர்ச் சாலையில் நல்ல உதவிதான். ஊருக்குள் நுழையும் முன் அதைக் கீழே திருப்பிவிடுங்கள். பிரேக் பிடிக்கும் அவசரத்தில் உள்ளங்கை அதில் பட்டால் வண்டி பாயும்.

இடது கை மட்டும் மரத்தால்

நகர நெரிசலில் ஓட்டுகிறவரா? அப்படியென்றால் க்ளட்ச். சிக்னலில் கியரைப் போட்டு க்ளட்சைப் பிடித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள். லீவர் முனையில் ஆட்டம் பல வண்டிகளில் 10 முதல் 20 மி.மீ. இருக்கும், கையேட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். லீவர் சுழலும் போல்ட்டைக் கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைப்பதே சில வண்டிகளில் க்ளட்சைக் கண்கூடாக லேசாக்கும். கேபிளின் மேல் முனையில் எண்ணெய் விட்டு, கீழ் முனையில் வெளிவரும் வரை காத்திருந்தால் உள்ளே முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். ஹேண்டில் பார் மாற்றிய வண்டிகளில் கேபிள் எங்கேயாவது கூர்மையாக மடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மலை இறங்கும்போது மட்டும் மரத்தால்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைச் சாலையில் 40. இறக்கத்தில் உடம்பு எடை முழுக்க முன்னால் வரும், அதோடு விரல்கள் பிரேக்கை விடவே விடாது. கியரைக் குறைத்து இன்ஜின் இழுவையில் வண்டியைக் கட்டுப்படுத்தினால் கைக்கும் பிரேக்குக்கும் ஓய்வு. சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, டேங்க்கை முழங்காலால் இறுக்குங்கள். ஏறும்போது வராத மரப்பு இறங்கும்போது வந்தால் காரணம் எடைதான், வேறெதையும் தேட வேண்டாம்.

தோளிலிருந்தே கை கனத்து மரத்தால்

முதுகுப் பை. அதன் பட்டைகள் தோளில் காறை எலும்புப் பக்கம் அழுத்தும் இடத்துக்குக் கீழேதான் கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போகின்றன. லேப்டாப், சாப்பாடு, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு ஓட்டாமல் பையைப் பின் சீட்டில் கட்டுங்கள். பை இல்லாத ஒரு நாள் மரப்பு வரவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. பையில்லாமலும் வந்து, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது, மின்சாரம் போலக் கையில் இறங்குகிறது என்றால் கழுத்தெலும்பு நரம்பு வேர் நசுங்கியிருக்கலாம். அதை வண்டியில் சரிசெய்ய முடியாது.

கட்டை விரலின் பின்பக்கம் மட்டும் மரத்தால் வாட்ச் பட்டையையோ, க்ளவுஸின் மணிக்கட்டுப் பட்டையையோ தளர்த்துங்கள். அங்கே ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது.

விரல் வெளுத்துப் போனால்

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கை மரப்பது எல்லோருக்கும் வரும். நனைந்த க்ளவுஸில் காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம் வரும். மாற்று க்ளவுஸ் ஒன்றை நனையாமல் எடுத்துப் போனால் போதும். ஆனால் சில விரல்கள் மட்டும் எல்லை போட்டது மாதிரி வெள்ளையாக வெளுத்து, சூடானதும் சிவந்து வலித்தால் அது வேறு. பல வருடம் அதிர்வில் வேலை செய்தவர்களுக்கு விரல் ரத்தக்குழாய்கள் இப்படிச் சுருங்கும். பாறை துளைக்கும், மரம் அறுக்கும் இயந்திரங்களை இயக்குபவர்களிடம் நன்கு அறியப்பட்ட பாதிப்பு இது. புகை பிடித்தால் இன்னும் மோசமாகும். இதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டியை விட்டு இறங்கியும் போகவில்லை என்றால்

அரை மணி நேரத்தில் மறைகிற மரப்புக்கு மேலே சொன்னவை போதும். மறுநாளும் இருக்கிறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கையை உதற வைக்கிறது, சட்டை பட்டன் போடத் தடுமாறுகிறது, டம்ளர் நழுவுகிறது, கட்டை விரலின் அடிமேடு தட்டையாகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். கட்டை விரல் பக்கம் மரக்கிறவர்கள் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் வையுங்கள். அதற்குள் அந்த விரல்களில் குறுகுறுப்பு வந்தால் மணிக்கட்டு வழியில் நரம்பு நசுங்குகிறது என்ற சந்தேகம் வலுக்கிறது.

இரண்டு கையோடு பாதமும் மரத்தால் பைக்கைக் குறை சொல்வதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. இருப்பதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கும், பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறையக்கூடும், அதுவும் நரம்பைப் பாதிக்கும். தைராய்டு குறைவு, கர்ப்ப காலம் இரண்டிலும் மணிக்கட்டு நரம்பு எளிதில் நசுங்கும்.

மருத்துவர் நரம்புக் கடத்தல் சோதனை எழுதலாம். நரம்பில் மின் சமிக்ஞை எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்த இடத்தில் தாமதமாகிறது என்று அது காட்டும். ஆரம்ப நிலையில் ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டுவதிலேயே பலருக்குக் குறைந்துவிடும். முற்றிய பிறகு போனால் அறுவை சிகிச்சை வரை போகலாம், தேய்ந்த தசை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். போகும்போது போனில் குறித்த குறிப்பை எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுகிறீர்கள், எந்த விரல், புறங்கையும் சேர்ந்தா இல்லையா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.